ரோண்டா பெயரில் போட்ட கணக்குகள்

லாரல் ஃபோர்க், கென்டக்கி
ஜனவரி 22, 1998

என் வண்டே,

உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்க முடியாது. கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்கவும் எனக்குத் தெரியாது. அதனால் எங்களைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு மூச்சு வழக்கம் போலத்தான். குளிர் ஏறினால் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயை எடுப்பதே இல்லை. நான் நடமாடுகிறேன். உன்னைப் புதைத்த சரிவில் மண் இன்னும் உறைந்து கிடக்கிறது. சபைப் பெண்கள் கொண்டுவந்த சாப்பாடு குளிர்பெட்டியில் அப்படியே இருக்கிறது. எத்தனை கோழி, எத்தனை வாழைப்பழப் புட்டிங். யார் தின்பது? பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உன் காலேஜுக்குப் போனேன். நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டு, நீ வாங்கி வைத்திருந்த கணக்குப் புத்தகத்தையும் கொடுத்துவிடலாம் என்று. அலுவலகத்தில் பெரிய வரிசை. என் முறை வந்ததும் வாய் வரவில்லை. உன் பெயரை மட்டும் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்களே, நீங்க இன்னும் இங்க நிக்கிறீங்க? மாடிக்கு ஓடுங்க. எதுவா இருந்தாலும் டீச்சர்கிட்ட சொல்லிக்கலாம்" என்றாள். டீச்சரிடம் சொல்லலாம் என்றுதான் மாடி ஏறினேன். சத்தியமாக அதற்குத்தான்.

முதல் நாள் வகுப்பு. யாருக்கும் யாரையும் தெரியாது. கடைசியில் உட்கார்ந்தேன். டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "ரோண்டா சைஸ்மோர்." "ரோண்டா சைஸ்மோர் வரலையா?" என்று மறுபடி கேட்டுவிட்டு, பெயரை அடிக்கப் பேனாவைத் தாளில் வைத்தார். வைத்ததை நான் பார்த்தேன்.

"இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் உன்னைச் சேர்க்கப் போனோமே, அந்த ஆலோசகரை நினைத்துக்கொண்டேன். பள்ளியை முடிக்காதவர்கள் எழுதுகிற ஜி.இ.டி. பரீட்சையை நீ எழுதித் தேறிய தாள். உனக்குத் துணைக்கென்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி எப்படியோ தேறினேனே, அதே தாள். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதை வெச்சு வர்றவங்கள்ல பாதிப் பேர் பருவம் முடியறதுக்குள்ள காணாம போயிடறாங்கம்மா. மனசைப் புண்படுத்தச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்." வரும் வழியெல்லாம் நீ காரில் பொரிந்துகொண்டே வந்தாய். "பாதின்னா இன்னொரு பாதி இருக்குல்லம்மா? நான் அந்தப் பக்கம். பாத்துக்கிட்டே இரு."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பனி உறைந்த ரோட்டு வளைவு உன்னைக் கொண்டுபோய்விட்டது. வகுப்பு தொடங்கவே இல்லை.

உன் பெயரை அவர்கள் அடிக்கக் கூடாது வண்டே. பருவம் முடிகிறவரை நான் போகிறேன். நீ எந்தப் பக்கம் என்று சொன்னாயோ அந்தப் பக்கம் உன் பெயர் இருக்கட்டும். பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

இதைப் போடத் தபால்பெட்டி கிடையாது. உன் மேசையில் வைக்கிறேன்.

அம்மா


இப்சிலான்டி, மிச்சிகன்
பிப்ரவரி 3, 1998

அன்பான டெல்ஃபியா அக்காவுக்கு,

நான் பிழைத்துக் கிடக்கிறேன், நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறாயா? "சாப்பிட்டேன்" என்று எழுதாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது. உன்னை எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாளே கிளம்பி வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஃபேக்டரியில் அக்கா மகள் செத்தால் அவ்வளவுதான் லீவு தருவார்களாம். "சொந்த மகளா இருந்தா கூடுதலாத் தருவோம்" என்றான் சூப்பர்வைசர். "அதுக்கு நான் ஒரு மகளைப் பெத்துத்தான் சாகடிக்கணும்" என்றேன். அதற்கப்புறம் அவன் என் பக்கமே வரவில்லை. கார் சீட்டுக்கு உறை தைத்துத் தைத்து மணிக்கட்டு வீங்கிப் போயிருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

ரோண்டா வேலை பார்த்த முதியோர் இல்லத்துக்குச் சொல்லியாகிவிட்டதா? காலேஜுக்குச் சொன்னாயா? புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? அந்த மாதிரி வேலைகளை நீ தள்ளித் தள்ளி வைப்பாய். ஒரே நாளில் போய் முடித்துவிடு அக்கா. வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதே. அத்தானுக்கு மூச்சு சரியாக இருக்கும் நாளில் இங்கே வந்து கொஞ்ச நாள் இரு.

பதில் போடு.

உன் நோலா


லாரல் ஃபோர்க்
பிப்ரவரி 19, 1998

நோலாவுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். நீ மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நேற்று பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டேன். போதுமா?

முதியோர் இல்லத்துக்குச் சொல்லிவிட்டேன். அவளுடைய வெள்ளைச் செருப்பைக் கொடுத்தனுப்பினார்கள். காலேஜுக்கும் போய்வந்தேன். புத்தகம் வீணாகவில்லை.

நீ வீட்டிலேயே உட்காராதே என்றாய். உட்காரவில்லை. செவ்வாயும் வியாழனும் காலேஜில் ஒரு கணக்கு வகுப்புக்குப் போகிறேன். பட்டத்துக்குச் சேராத வகுப்பு. மற்ற வகுப்புகளுக்குப் போகும் முன்னால் இதில் தேறியாக வேண்டும் என்று எங்களைப் போல ஜி.இ.டி. தாள் வைத்திருப்பவர்களை முதலில் இங்கேதான் உட்கார வைக்கிறார்கள். பின்னங்கள், சதவீதம், அப்புறம் எக்ஸ் என்று ஒன்று. பாதிக் கோப்பையையும் கால் கோப்பையையும் கூட்டுவது எனக்குக் கைப்பழக்கம். தாளில் எழுதச் சொன்னால்தான் வராது.

டீச்சர் பெயர் ஹென்ஸ்லி. சிரிக்க மாட்டார். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். எனக்கு முன்னால் ஆர்வில் என்று ஓர் ஆள். சுரங்கத்தை மூடியதும் வேலை போனவன், மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நுழையவே முடியாத உடம்பு. ஒரு நாள் எழுந்து, "டீச்சர், இத்தனை வருஷம் கரி வெட்டினேன். ஒரு தடவைகூட அது என்னை எக்ஸ் எவ்வளவுன்னு கேட்டதில்ல" என்றான். டீச்சர், "கரிக்குக் கேக்கத் தெரியாது ஆர்வில். எனக்குத் தெரியும். போர்டுக்கு வாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல் இருந்தது.

உன் அத்தான் பர்ல் ஒன்றும் கேட்பதில்லை. "ரோடு வழுக்கும், மெதுவா ஓட்டு" என்பார். அவ்வளவுதான்.

இப்படிக்கு
டெல்ஃபியா


இப்சிலான்டி
மார்ச் 2, 1998

என் காலேஜ் அக்காவுக்கு,

உடம்பு, குளிர், மணிக்கட்டு எல்லாம் பழைய கதை, விடு. நீ காலேஜில் சேர்ந்துவிட்டாய்! சொல்லவே இல்லையே! கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்தேன். எங்கள் வரிசையில் இருக்கும் பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். "உங்க அக்காவுக்கு வயசென்ன?" என்றாள் ஒருத்தி. "அதைச் சொன்னா இங்க வந்து என் கழுத்தை நெரிப்பா" என்றேன்.

ஒன்பதாம் வகுப்பில் உன்னை அப்பா பள்ளியிலிருந்து நிறுத்தியபோது நீ கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் அழுதாய். நான் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்துக் கணக்கு டீச்சர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் எனக்குப் பெருமையாக இருக்காதா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ரோண்டா தங்கமான பெண். ஆனால் எதையும் முடித்தவள் இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டாள், முடி வெட்டும் படிப்பை விட்டாள், அந்த மளிகைக் கடை வேலையை விட்டாள். தொடங்குவது அவள், பின்னால் போய் முடிப்பது நீ. சின்ன வயதில் அவள் தைக்கத் தொடங்கிய போர்வையைக்கூட நீதான் தைத்து முடித்தாய். இதையும் நீ முடித்துவிடு. அவளுக்காக என்று வைத்துக்கொள்.

உன் நோலா


இப்சிலான்டி
மார்ச் 30, 1998

அக்கா,

சுகமாக இருக்கிறாயா? உன்னிடமிருந்து ஒரு வரியும் காணோம். வேறு வேலைகளாக இருக்கும் என்று நினைத்தேன். பரீட்சையாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது என் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "அவ வகுப்புக்குப் போயிருக்கா" என்றார். "எப்படி இருக்கா?" என்றால், "போறா, வர்றா" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் யார் வாங்க முடியும்?

தப்பாக எழுதியிருந்தால் வைது ஒரு கடிதம் போடு. சும்மா இருக்காதே.

நோலா


லாரல் ஃபோர்க்
ஏப்ரல் 8, 1998

நோலாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இரு.

அவள் எதையும் முடித்தவள் இல்லை என்று நீ எழுதியதை பர்லுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தை மடித்துவிட்டு மீதியை வாசித்தேன்.

வகுப்பில் பாதி நாற்காலி காலி. முதல் நாள் உட்கார இடம் தேடிய அறை அது. இரண்டு பெண்களுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. ஒருத்தியின் காரை எடுத்துக்கொண்டு புருஷன் போய்விட்டானாம். ஆர்வில் மார்ச்சில் சேறும் மழையுமாக இருந்த வாரம் வரவில்லை, முதுகுவலி என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. அப்புறம் அவனை மளிகைக் கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சாமான் வண்டியைத் திருப்பிக்கொண்டு நாய்த் தீனி இருக்கும் பக்கம் போனான். அவனிடம் நாய் கிடையாது. பின்னாலேயே போனேன். "டீச்சர் கேக்கறாங்க, வாங்க" என்றேன். "இத்தனை நாள் போகாம இப்ப எந்த மூஞ்சியோட போறது? விடும்மா. எனக்கு அது ஒத்துவரல" என்றான். அவ்வளவு பெரிய ஆள், பிஸ்கட் திருடிய பிள்ளை மாதிரி நின்றான். வியாழக்கிழமை டீச்சர் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

எனக்கும் சரியாக வரவில்லை. நடுப்பருவப் பரீட்சையில் தேறவில்லை. கடைசிப் பரீட்சையில் நன்றாக எழுதினால்தான் உண்டு. ஹென்ஸ்லி டீச்சர் வகுப்புக்கு முன்னால் சீக்கிரம் வரச் சொல்லி என்னோடு உட்காருகிறார். "விட்டுடாதீங்க. உங்களுக்கு வரும்" என்கிறார். எனக்கு அலுப்பாக இருக்கிறது நோலா. சமைத்து, பர்லைக் குளிப்பாட்டி, மலை இறங்கி ஓட்டிப்போய், அந்த எக்ஸையும் தேடி. சில நாள் காலேஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் இறங்கிவிடுகிறேன். விட முடியாது. எனக்காக இருந்தால் எப்போதோ விட்டிருப்பேன்.

டெல்ஃபியா


இப்சிலான்டி
ஏப்ரல் 17, 1998

அக்கா,

உன் கடிதம் வந்ததும்தான் மூச்சு வந்தது. என் மணிக்கட்டைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை, நீ படும் பாட்டைப் பார்த்தால் இதெல்லாம் ஒரு வலியா?

ரோண்டாவைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது. வாய் எனக்கு எப்போதுமே இப்படித்தான், இப்போது கையும் அப்படியாகிவிட்டது. எழுதியதை அழிக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று கேட்கவில்லை.

மே மாதம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கூடிப் பூ வைக்கும் நாளில், போனவர்களின் பெயர்களைப் பிரசங்கியார் ஒவ்வொன்றாக வாசிப்பாரே. அதை நினைத்துத்தான் உன் காலேஜுக்கு எழுதினேன். மே மாதப் பட்டமளிப்பு விழாவில் ரோண்டாவின் பெயரையும் ஒரு தரம் வாசியுங்கள் என்று. அவள் அங்கே சேர்ந்தாள், வகுப்பு தொடங்கும் முன்பே ஜனவரியில் விபத்தில் இறந்துபோனாள், அவளுடைய அம்மா இப்போது அதே காலேஜில் படிக்கிறாள், அந்த அம்மா காதில் மகள் பெயர் விழட்டும் என்று எழுதினேன். செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பையும் வைத்து அனுப்பினேன். எங்கள் வரிசையில் நன்றாக எழுதத் தெரிந்த ஒருத்தி திருத்திக் கொடுத்தாள்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் மொத்தமும் கேட்கும் அக்கா.

உன் நோலா


லாரல் ஃபோர்க்
ஏப்ரல் 29, 1998

நோலா,

பர்லுக்கு இரண்டு நாளாக இருமல் கூட. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே.

எனக்கு எழுதியது வந்து சேர்வதற்கு முன்பே, காலேஜுக்கு நீ எழுதிய கடிதம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நீ தெரியாமல் செய்தாய். உனக்குத் தெரியாமல் வைத்தது நான்தான். காலேஜில் நான் சேரவே இல்லை. ஜனவரியிலிருந்து ரோண்டாவாக உட்கார்ந்திருந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டால் நான் கை தூக்கினேன். வீட்டுப்பாடத்தில் அவள் பெயரை எழுதினேன். ஆர்வில் என்னைத் திரும்பிப் பார்த்து "ரோண்டா, ரப்பர் இருக்கா?" என்பான். ரப்பர் கொடுப்பேன். அவள் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்வது அந்த ஓர் அறையில்தான் நோலா. வீட்டில் பர்ல் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

நேற்று வகுப்பு முடிந்ததும் ஹென்ஸ்லி டீச்சர், "நீங்க மட்டும் இருங்க" என்றார். கதவைச் சாத்தினார். கையில் உன் கடிதம்.

"இதுல ரோண்டா சைஸ்மோர் ஜனவரியில செத்துப்போயிட்டாங்கன்னு எழுதியிருக்கு."

"ஆமா டீச்சர்."

"அப்போ நீங்க யாரு?"

"அவ அம்மா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒவ்வொரு பருவமும் என்கிட்ட கதை சொல்வாங்க. கார் கெட்டுப்போச்சு, மாமியாருக்கு ஆபரேஷன். வராம இருக்கத்தான் எல்லாரும் பொய் சொல்வாங்க. வர்றதுக்குப் பொய் சொன்ன ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

"பேரை அடிச்சிடுவீங்களா?"

"ஆபீஸ்ல அடிச்சிட்டாங்கம்மா. ஜனவரி தேதியைப் போட்டு."

ஆலோசகர் சொன்னதையும் ரோண்டா காரில் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். "இப்ப அவ எந்தப் பக்கம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"அந்தப் பாதிக் கணக்கை எழுதி அனுப்பறதே நான்தான்" என்றார். "ஜி.இ.டி. தாளோட வர்றவங்க மக்கு இல்லம்மா. கடைசிப் பரீட்சை வரைக்கும் உக்காந்துட்டா மத்தவங்களுக்குச் சமமா எழுதறாங்க. உக்காரறதுதான் இல்ல. ஒரு நாள் வரமாட்டாங்க, அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டே வரமாட்டாங்க. அதை எழுத அந்தத் தாள்ல கட்டம் இல்ல."

"ரோண்டாவை எங்க எழுதுவீங்க?"

"போனவங்க பக்கம்தாம்மா. வேற கட்டம் இல்ல."

அடுத்த வாரம் பரீட்சைக்கு வரச் சொன்னார். எதிலும் சேராது, யார் கணக்கிலும் ஏறாது, ஆனாலும் வாருங்கள், திருத்தித் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து பர்லிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். "எப்படித் தெரியும்?" "கிளம்பறப்ப அவ கோட்டைப் போட்டுக்கிட்டுப் போறியே. உனக்குத்தான் கைகூடப் பத்தாதே" என்றார். அப்புறம் குழாயைச் சரிசெய்துகொண்டு தொலைக்காட்சியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அணைந்திருந்த தொலைக்காட்சியை.

உன்னை வைதால் கொஞ்சம் ஆறும் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆறவில்லை. முதலிலேயே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ எழுதியிருக்க மாட்டாய். சொல்லியிருந்தால் என்னைப் போகவும் விட்டிருக்க மாட்டாய்.

டெல்ஃபியா


இப்சிலான்டி
மே 9, 1998

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அத்தானுக்கு இருமல் குறைந்ததா, அதை மட்டும் சொல்.

உன் கடிதத்தைக் கழிவறையில் உட்கார்ந்து வாசித்தேன். வேறு எங்கே வாசிப்பது? சூப்பர்வைசர் கதவைத் தட்டினான். போடா என்றேன்.

காலேஜிலிருந்து எனக்குப் பதில் வந்தது. நல்ல தாள், நல்ல எழுத்து. ஆழ்ந்த வருத்தம் என்கிறார்கள். தங்கள் பதிவுப்படி ரோண்டா சைஸ்மோர் இந்தப் பருவத்தில் படிக்கவில்லை என்பதால் விழாவில் பெயர் வாசிக்க வழியில்லை என்கிறார்கள். அதாவது, பருவம் முழுக்க நீ அங்கே காப்பாற்றி வைத்திருந்த பெயரை நான் ஒரு தபால்தலையில் அழித்துவிட்டு, அதையே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பூ வைக்கும் நாளுக்கு வருகிறேன். லீவு தந்தாலும் தராவிட்டாலும் வருகிறேன். வாசலில் என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டு, சாப்பாடு மட்டும் போட்டுவிடு.

பரீட்சை எழுதினாயா அக்கா? எழுதியிருக்க வேண்டும் என்று இருக்கிறது எனக்கு. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நோலா


லாரல் ஃபோர்க்
ஜூன் 2, 1998

என் வண்டே,

உன் அப்பாவுக்கு இருமல் நின்றிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. மலை ஏறி இறங்கியதில் வந்தது. நீ இருக்கும் இடத்தில் புல் நன்றாக வந்துவிட்டது, உனக்கே தெரியும்.

பூ வைக்கும் நாளில் எல்லாரும் வந்தார்கள். உன் அப்பாவால் ஏற முடியாது என்று லாரியின் பின்பக்கத் தட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மேலே கொண்டுபோனோம். "ரோண்டா கெய்ல் சைஸ்மோர்" என்று பிரசங்கியார் முழுப் பெயரையும் வாசித்தார். உன் சித்தி நோலா அழுத அழுகையில் என்னைப் பார்க்க வந்தவர்கள் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவளைத் திட்டவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னேன். உரித்தாள்.

பரீட்சைக்குப் போனேன். உன் கோட்டைப் போடவில்லை. வெயில் வந்துவிட்டது. அறையில் ஒரு கைப்பிடி ஆட்கள். தாளின் மேலே பெயர் எழுதும் கோடு. "உங்க பேரை எழுதுங்க" என்று ஹென்ஸ்லி டீச்சர் மெதுவாகச் சொன்னார். டெல்ஃபியா என்று எழுதினேன். எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கைத் தொடங்கவே நேரமாகிவிட்டது.

தேறிவிட்டேன். பெரிய மதிப்பெண் இல்லை, தேறும் அளவுக்கு. டீச்சர் தபாலில் அனுப்பியிருந்தார். ஆகஸ்டில் உங்கள் பெயரிலேயே சேருங்கள், இதே வகுப்பை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் இந்தத் தடவை உங்களுக்குச் சுலபம் என்று எழுதியிருந்தார். நோலாவும் அதையே சொல்கிறாள். உன் அப்பா, "உன் இஷ்டம்" என்கிறார். எனக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்ச நாள் தூங்க வேண்டும் போல் இருக்கிறது.

அந்தத் தாளை உன் மேசையில் வைக்கலாம் என்று கொண்டுவந்தேன். வைக்க முடியவில்லை. அது என்னுடையது வண்டே. இவ்வளவு நாளும் உன் பெயரை மேலே எழுதி, கீழே போட்டதெல்லாம் என் கணக்குத்தான். நீ கார் ஓட்டும்போது பாடுவது எனக்குத் தெரியும், கோபம் வந்தால் பாத்திரத்தை எப்படி வைப்பாய் என்று தெரியும். நீ ஒரு கணக்கை எப்படிப் போடுவாய் என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் இருந்தபோதும் நான் பார்த்ததில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என்னால் முடியும் என்பதை மட்டும் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நோலா எழுதியது பொய் இல்லை. அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை, உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். நீ நிறைய விட்டாய். விட்ட ஒவ்வொரு தடவையும் அடுத்ததை விடமாட்டேன் என்று நிஜமாகவே நம்பினாய். நானும் நம்பினேன். ஆலோசகர் சொன்ன பாதியில் நீ எந்தப் பக்கம் என்று ஹென்ஸ்லி டீச்சர் எழுதிவிட்டார். அவர் எழுதியதை விடு. அது வெறும் தேதி. எனக்கு வேண்டியது அது இல்லை.

அந்தப் பனி வளைவில் நீ தப்பியிருந்தால், செவ்வாயும் வியாழனும் நீயே போயிருந்தால், நடுப்பருவத்தில் தோற்று, முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க நின்ற காலோடு, ஆர்வில் நின்றுவிட்ட அந்தச் சேறும் மழையுமான வாரத்தில் காலேஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால், நீ இறங்கி உள்ளே போயிருப்பாயா, வண்டே?